எழுத்துத் தட்டு

காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் இறங்கி நாகஜோதி வீடு எது என்று கேட்டால், "ஜாக்கெட்டுல பேர் போடுற அக்காவா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். ஊருக்குள் அவள் வீட்டைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம். வீட்டுக்குள் அவளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். முன்னறையில் ஒரு பக்கம் திராட்சைப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின், அதை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் முதுகில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் தமிழில் ஜரிகை நூலால் போடுவது அவளுடைய தொழில். கம்பத்தில் நாலு தையற்கடைக்காரர்கள் அவளை நம்பித்தான் ஆர்டர் வாங்குகிறார்கள். இங்கிலீஷில் பெயர் போட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தமிழில், அதுவும் 'ஜோ'வும் 'ஷ்'ஷும் கோணாமல் விழ வேண்டும் என்றால் நாகஜோதிதான்.

அதற்கு முன்னால் அவள் ஜீப்பில் போனவள். கல்யாணமாகி வந்த மறு வருஷமே, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற கோட்டைச்சாமியின் ஜீப்பில் ஏறிவிட்டாள். விடிவதற்குள் சோற்றைக் கட்டிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக மலையேறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது இறங்குவார்கள். ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பது இல்லை. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்ப்பது. நாள் முழுக்கக் குத்தவைத்துக்கொண்டே நகர வேண்டும். மழைக்கு முதுகில் ஒரு பிளாஸ்டிக் தாள், அட்டைக்குக் காலில் உப்பும் மூக்குப்பொடியும். மலையாளத்துக் கங்காணி, "சேச்சி, வேகம் வேகம்" என்பான். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் இரண்டும் வீங்கி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. இனிமேல் குத்தவைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் புருஷன் கர்ணன் இந்தக் காலம் முழுவதும் ஜீப் ஏறாதவர். அவருக்குச் சொந்தத்தில் கொஞ்சம் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. "நமக்குன்னு தோட்டம் இருக்கையில அடுத்தவன் தோட்டத்துக்கு நான் எதுக்குக் கூலிக்குப் போகணும்?" என்பார். பொண்டாட்டி போகலாமா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல யோசித்திருப்பார். கெட்ட மனுஷர் இல்லை, யோசிக்காத மனுஷர். நம்மூரில் பாதிப்பேர் அப்படித்தான்.

எம்பிராய்டரி மெஷினைத் திருப்பூரில் ஞானசிகாமணி என்ற ஒருவரிடம் பழசாக வாங்கினாள். அவர் தொழிலை முடித்துக்கொண்டு மகனோடு வெளியூர் போகிற நேரம். மெஷினோடு, டிசைன் போடுகிற சாஃப்ட்வேரும் ஒரு தட்டும் கொடுத்தார். தட்டு என்றால் சிடி. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று அவரே வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்த தையல் எழுத்துகள் அதற்குள் இருந்தன. தட்டை டிரைவில் போட்டால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். போடாவிட்டால் 'டிஸ்க்கைப் போடவும்' என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். "இது ஒண்ணுதேம்மா இருக்கு. தொலைச்சுட்டு என்னையக் கேக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தார். சொன்னபடியே அவர் நம்பரும் கொஞ்ச நாளில் அணைந்துபோயிற்று. நாகஜோதி அதை எழுத்துத் தட்டு என்று பெயர் வைத்து, பட்டுச்சேலை மாதிரி பீரோவில் வைத்து எடுத்தாள்.

அந்தத் தட்டுதான் விஜயதசமியன்று காலையில் வேலை செய்யவில்லை.

ஆயுத பூஜையன்று கருவியைத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமியில் கட்டாயம் தொட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அன்றைக்கு நூல் அறுந்தால்கூட மனசு சங்கடப்படும். கர்ணன் கவாத்துக் கத்திரியை எடுத்துக்கொண்டு நாலு கொடியையாவது வெட்டிவிட்டு வருவோம் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். நாகஜோதி குளித்து, சாமி கும்பிட்டு, பீரோவைத் திறந்து தட்டை எடுத்தாள். ராயப்பன்பட்டியில் ரோஸ்லின் என்ற பெண்ணுக்குக் கல்யாணம். ஜாக்கெட் துணி வந்து காத்திருந்தது. நல்ல நாளில் நல்ல பெயரோடு ஆரம்பிப்போம் என்று தட்டை உறையிலிருந்து உருவி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி டிரைவில் வைத்துத் தள்ளினாள். டிரைவ் கிர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு 'டக் டக்' என்று இரண்டு சத்தம். திரையில் கட்டம் வந்தது. டிஸ்க்கைப் போடவும்.

"போட்டுட்டேனே" என்றாள் கம்ப்யூட்டரைப் பார்த்து.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாவற்றையும் செய்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அதன் டப்பாவைத் திறந்து டிரைவுக்குப் போகிற வயரைப் பிடுங்கிச் செருகினாள். திரையில் டிரைவின் படம் இருக்கத்தான் செய்தது. அதைத் தட்டினால், உள்ளே தட்டே இல்லை என்று சாதித்தது. கடைசியில் பொத்தானை அமுக்கித் தட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பளபளப்பான பக்கத்தில் மூன்று இடத்தில் மஞ்சளாகச் சந்தனம் அப்பியிருந்தது. அதன்மேல் குங்குமம். டிரைவ் சுற்றிய சுற்றில் அது காய்ந்து பொரிந்து உதிர்ந்து, தட்டெல்லாம் தூசாகப் பரவியிருந்தது.

யாரோ தட்டுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள்.

அவளுக்கு வந்த கோபத்தில் யோசனை ஓடவில்லை. முந்தானையை எடுத்து, சாப்பாட்டுத் தட்டைத் துடைக்கிற மாதிரி வட்ட வட்டமாக அழுத்தித் துடைத்தாள். சந்தனம் போயிற்று. போகும்போது பொடி மணல் மாதிரி அரைத்துக்கொண்டே போனது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது தட்டில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருந்தது. அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது.

வாசலில் ஒரு ஜீப் போயிற்று. கோட்டைச்சாமியின் ஜீப் இல்லை, வேறு யாருடையதோ. ஆனாலும் நாகஜோதியின் முழங்கால் வலித்தது. இந்தத் தட்டு போனால் தமிழ் எழுத்து இல்லை. தமிழ் எழுத்து இல்லையென்றால் கம்பத்துக் கடைக்காரன் எதற்கு இங்கே வருவான்? இப்போது மலையில் காய் எடுக்கிற பருவம். ஆள் போதவில்லை என்று கோட்டைச்சாமி வாரம் ஒருமுறையாவது வாசலில் வண்டியை மெதுவாக்கி, "வாரியா நாகஜோதி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். இனிமேல் இல்லை என்று சொல்ல எந்தக் காரணமும் இருக்காது. குத்தவைக்க முடியாத காலோடு தூர் தூராக நகர்வதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. நல்ல நாளில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

மகள் உமாதேவி உத்தமபாளையத்துக் கல்லூரியில் படிக்கிறாள். பூஜை லீவுக்கு வீட்டில் இருந்தாள். பொரியைக் கொறித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தவளை நாகஜோதி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஒனக்கு அறிவிருக்கா? தட்டுல போயி யாராச்சும் பொட்டு வைப்பாகளா? படிச்ச கழுததான நீ?"

"நான் வைக்கலம்மா."

"பெறகு, பேயா வந்து வச்சுச்சு?"

உமாதேவி வாயில் இருந்த பொரியை மெல்லாமல் நின்றாள். "மொதல்ல பிரவீன் அண்ணனுக்குப் போன் போடும்மா" என்றாள்.

சகாய பிரவீன் உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். நாகஜோதியின் கம்ப்யூட்டரே அவன் கடையில் வாங்கியதுதான். அன்றைக்கு இந்தப் பக்கம் ஒரு கேமரா மாட்டுகிற வேலை இருந்தது அவனுக்கு. மதியம் தோளில் பையோடு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

"அக்கா, இதுல ரெண்டு நோக்காடு இருக்கலாம். டிரைவு கெட்டுருக்கலாம், தட்டு கெட்டுருக்கலாம். எதுன்னு மொதல்ல பாத்துக்கிருவோம்."

தன் பையிலிருந்து நன்றாக ஓடுகிற ஒரு தட்டை எடுத்து டிரைவில் போட்டான். அதையும் டிரைவ் படிக்கவில்லை. "பாத்தீகளா, டிரைவுக்கே கண்ணு தெரியல" என்றான். நாகஜோதிக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையோ என்று ஆசைப்பட்டாள். அவன் டிரைவைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே கண்ணாடிப் பொட்டு மாதிரி ஒரு சின்ன லென்ஸ். அதன்மேல் மஞ்சள் தூள் படிந்திருந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, கண்ணில் விழுந்த தூசை எடுக்கிற மாதிரி பதமாகத் துடைத்தான். மாட்டிவிட்டுத் தன் தட்டைப் போட்டபோது டிரைவ் அதை உடனே திறந்து காட்டியது. பிறகு எழுத்துத் தட்டைப் போட்டான். கிர்ர், டக் டக்.

"அப்ப ரெண்டுமேதேன்" என்றான் பிரவீன் மெதுவாக.

தட்டை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தான். "இந்தக் கீறல் சந்தனம் போட்டதில்லையேக்கா. வட்டமா வந்துருக்கு. யாரு தொடச்சது?"

"நாந்தேன்" என்றாள் நாகஜோதி. "முந்தானைல."

"சிடியை வட்டமாத் தொடைக்கக்கூடாதுக்கா. நடுவுலருந்து ஓரத்துக்கு நேராத்தேன் இழுக்கணும். உள்ள எழுதியிருக்கிறது வட்டமா ஓடுது. குறுக்க விழுந்த கீறலைத் தாண்டிப் படிச்சிரும். வட்டமா விழுந்தா எழுதுன வரியவே தின்னுரும்." அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "இருங்க, இன்னும் ஒண்ணும் ஆகிப்போகல" என்று சேர்த்துக்கொண்டான்.

ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்துத் தட்டைக் கழுவினான். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுத்தான். உதறிக் காயவைத்தான். தன் லேப்டாப்போடு ஒரு வெளி டிரைவை மாட்டினான். அது பழுதுபட்ட தட்டையும் பொறுமையாகப் படிக்கும் என்றான். தட்டில் இருப்பது முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாகப் பிரதி எடுத்துவிட்டால் போதும், பிறகு தட்டே வேண்டாம் என்பது அவன் திட்டம். வேகத்தை ஆகக் குறைத்து வைத்துப் பிரதி எடுக்க ஆரம்பித்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது.

"தட்டு இல்லாம எப்புடித் தம்பி தொறக்கும்? தட்டைப் போடு, தட்டைப் போடுன்னுதான அது கேக்குது?"

"அதுக்கொரு வழி இருக்குக்கா. கம்ப்யூட்டருக்குள்ளயே இல்லாத டிரைவு ஒண்ணு உண்டாக்கி, அதுல இந்தப் பிரதியைப் போட்டுட்டோம்னா, நெசத் தட்டுதேன் உள்ள இருக்குன்னு அது நம்பிரும்."

"இல்லாத டிரைவா?"

"கதவு கிடையாது, சுத்தாது, சத்தம் வராது. முக்கியமா பொட்டு வைக்க முடியாது" என்றான் பிரவீன். உமாதேவி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் நாகஜோதிக்குக் காலை விஷயத்தை ஞாபகப்படுத்தியது.

"சொல்லுடி. யாரு வச்சது?"

உமாதேவி பிரவீனைப் பார்த்தாள். அவன் திரையைக் கவனிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

"அப்பாதேன்."

இங்கே கர்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆயுத பூஜை வந்துவிட்டால் அவர் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுக்கக்கூடாது. மண்வெட்டி, கத்திரி, மருந்தடிக்கிற மிஷின் என்று ஆரம்பித்து, மோட்டார் சுவிட்சு, சைக்கிள் கேரியர், கேஸ் அடுப்பு, குடத்து மூடி வரைக்கும் வைப்பார். அன்றைக்கு அசையாமல் நின்றால் மனுஷனுக்கும் ஒரு பொட்டு விழும். அப்படிப்பட்டவர், நாகஜோதி மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஒரு பூஜையிலும் அதற்குப் பொட்டு வைத்தது கிடையாது. முதல் வருஷம் அவளே கேட்டாள். "அது டிவி மாதிரிதான? அதுக்கு எதுக்கு?" என்றார். விளக்குமாற்றுக்குப் பொட்டு வைத்த கையால் அதைச் சொன்னார். அவளே ஒரு துளி குங்குமத்தை எடுத்து மெஷினுக்கு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்டதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும், ஜீப்பில் போய் வந்த காலத்தில்கூட இல்லாத ஒரு வருத்தம் அன்றைக்கு அவளுக்கு வரும். இந்த வருஷம் மானிட்டர் மூலையில் சந்தனம் இருந்ததைப் பார்த்தாள். மகள் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நேத்து நீ சுண்டல் அவிச்சுக்கிட்டு இருந்தேல்லம்மா, அப்பத்தேன்" என்றாள் உமாதேவி. "அப்பா என்னையக் கூப்பிட்டு, 'அம்மாவுக்கு வேலைக்கு எதெது முக்கியம், எடுத்து வை'ன்னாக. நான் மெஷினு, கம்ப்யூட்டர், கத்தரின்னு காட்டுனேன். 'எல்லாத்துக்கும் மூலம் அந்தத் தட்டுன்னு சொல்லுவாளே, அது எங்க'ன்னு அவுகளே கேட்டாக. பீரோவுலருந்து எடுத்துக் குடுத்தேன். அடுப்புல கொழம்பைப் பாருன்னு நீ கூப்பிட்ட, வந்துட்டேன். எழுத்து இருக்குற பக்கம் முதுகு, கண்ணாடி மாதிரி மின்னுற பக்கம் மொகம்னு நெனச்சுட்டாக போல. மொகத்துலதான பொட்டு வைக்கணும்? வச்சு, பத்திரமா உறையில போட்டுத் திருப்பி வச்சிருக்காக. நானும் பாக்கல."

நாகஜோதி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து யார் மேலோ வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டைக் கெடுத்தவர் அவர்தான். எல்லாத்துக்கும் மூலம் என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கி, கேட்டு எடுத்து, முகத்தைத் தேடிப் பொட்டு வைத்தவரும் அவர்தான். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுகிற நேரமா இது என்று எரிச்சலாகவும் இருந்தது. மூன்று பொட்டு! ஒன்றோடு நிறுத்தியிருக்கக் கூடாதா மனுஷன்?

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"காலையிலயே போன்ல சொல்லிட்டேன். நீ வையுறதுக்குள்ள தெரியட்டும்னு. ஒண்ணும் பேசல. வச்சிட்டாக."

பச்சைக் கோடு முக்கால் தூரம் போய் நின்றிருந்தது. பிரவீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளி டிரைவ் முனகியது, மறுபடி மறுபடி அதே இடத்தைப் படிக்கப் பார்த்தது. "கீறல்கிட்ட வந்துருக்கு" என்றான். "விட்டுப் பிடிக்கும். பொறுங்க." அவன் குரலில் பழைய தைரியம் இல்லை. தட்டை எடுத்து இன்னொரு தரம் ஒற்றித் துடைத்துப் போட்டான். கோடு துளி நகர்ந்து மறுபடி நின்றது.

அந்த நேரம் பார்த்து நாகஜோதியின் போன் அடித்தது. கோட்டைச்சாமி.

"நாகஜோதி, நாளைக்கு ஜீப்புல சீட்டுப் போட்டாச்சு. ஒங்க வீட்டுக்காரர் இப்பத்தேன் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போறாக."

அவ்வளவுதானா? தட்டு போயிற்று என்று கேள்விப்பட்ட அன்றைக்கே ஜீப்புக்குச் சொல்லியாயிற்றா? பொட்டு வைத்ததெல்லாம் ஒரு நாள் பூஜையோடு சரியா? வார்த்தை தடுமாறியது. "அண்ணே, ஒங்களுக்கே தெரியும், எனக்கு முட்டி..."

"ஒன் முட்டிக்கு என்ன? ஒன்னைய யாரு கூப்பிட்டா? சீட்டு அவருக்குத்தேன்."

"யாருக்கு?"

"கர்ணன் அண்ணனுக்கு. தோட்டத்துல களையெடுக்க, உரம் போட ஆம்பளையாளு கேட்டாக. தை வரைக்கும் வாரேன்னுட்டாக. ஒனக்கு என்னமோ தட்டு வாங்கணுமாம், எங்க கெடைச்சாலும் வாங்கிப்புடணுமாம். நான் அசந்துபோனேன். அடுத்தவன் தோட்டத்துல கால் வைக்காத மனுசன். அதேன் ஒன்கிட்டக் கேப்பம்னு போட்டேன். முன்னாடி எடம் இல்ல. பின்னாடி பொம்பளையாளுகளோட உக்காந்து வருவாகளா, இல்ல வெக்கப்படுவாகளா?"

கர்ணன் சட்டையைக் கசக்கிக்கொண்டு பெண்களுக்கு நடுவே ஜீப்பில் குறுகி உட்கார்ந்திருப்பது நாகஜோதியின் கண்முன் வந்தது. சிரிப்பு வந்தது. சிரித்த வாயிலேயே அழுகையும் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் தன்னால் முடியாது என்று அவர் சொன்ன ஒரே வேலை அது. அதைப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"சாயந்தரம் சொல்லுறேண்ணே" என்று வைத்துவிட்டாள்.

அழுகை நின்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வெளி டிரைவின் முனகல் நின்றது. உமாதேவி கத்தினாள். பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போயிருந்தது.

பிரவீன் பெருமூச்சு விட்டான். பிரதியை நாகஜோதியின் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அந்த ஃபைலை இரண்டு தரம் தட்டினான். திரையில் சி, டி, இ என்று இருந்த வரிசையில் எஃப் என்று புதிதாக ஒரு டிரைவின் படம் வந்து உட்கார்ந்தது. கதவில்லாத டிரைவ். அதைத் திறந்தால் எழுத்துத் தட்டில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தன. நாகஜோதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு சாஃப்ட்வேரைத் திறந்தாள்.

டிஸ்க்கைப் போடவும்.

"ஐயோ தம்பி!"

"இருங்கக்கா, இருங்க." அவன் தலையைச் சொறிந்தான். எஃப் டிரைவைத் திறந்து பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பழைய டிரைவின் கதவைத் திறந்து மூடினான். பிறகு தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். "இந்த சாஃப்ட்வேரு எப்பவும் இ டிரைவுலதேன் தட்டைத் தேடும். அங்கன பழைய டிரைவு இன்னும் வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்துருக்கு. நம்ம பிரதி எஃப்புல இருக்கு. வீடு மாறிப்போச்சு, பழைய விலாசத்துலயே போயி கதவைத் தட்டுது."

பழைய டிரைவின் எழுத்தைத் தூக்கி இசட் என்று கடைசியில் வைத்தான். காலியான இ எழுத்தைக் கதவில்லாத டிரைவுக்குக் கொடுத்தான். "தொறங்கக்கா" என்றான்.

நாகஜோதி தட்டினாள். கட்டம் வரவில்லை. ஒரு கணம் திரை வெள்ளையாக இருந்தது, பிறகு அ, ஆ, இ என்று தையல் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அவள் கடைசி வரைக்கும் உருட்டிப் பார்த்தாள். 'ஜோ' இருந்தது. 'ஷ்' இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா இந்த டிரைவு போயிரும். தெனம் காலையில இந்த ஃபைலை ரெண்டு தட்டுத் தட்டிட்டு ஆரம்பிங்க. வந்த எழுத்து இ தானான்னு ஒரு பார்வை பாத்துக்கங்க" என்ற பிரவீன், பிரதியை ஒரு பென்டிரைவிலும் தன் லேப்டாப்பிலும் போட்டு வைத்தான். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, கேமரா வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.

வெயில் தாழ்ந்தபோது கர்ணன் வந்தார். வழக்கமாகச் செருப்போடு வாசல்படி வரை வருகிறவர், அன்றைக்குத் தெருக்குழாயிலேயே காலைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தவர், நாகஜோதி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பு என் மேலதேன்" என்றார் வாசலில் இருந்தே. "எந்தப் பக்கம் மொகம்னு ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கணும்."

"உள்ள வாங்க" என்றாள் நாகஜோதி.

"நாளையிலருந்து நான் மேக்க மலைக்குப் போறேன். கோட்டைச்சாமிகிட்டச் சொல்லிட்டேன். பந்தலுக்கு சாயந்தரம் வந்து தண்ணி விட்டுக்கிருவேன். நீ ஒண்ணும் யோசிக்காத."

"பின்னாடிதேன் எடமாம். பொம்பளையாளுகளோட" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "ஆகட்டும்" என்றார். "நீ இம்புட்டு வருசம் போகலையா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை காலம் காத்திருந்தோம் என்று நாகஜோதிக்கே அப்போதுதான் தெரிந்தது. உமாதேவிதான் சொன்னாள். "தட்டு சரியாப் போச்சுப்பா. எழுத்து அம்புட்டும் வந்துருச்சு. நீங்க எங்கயும் போக வேணாம்."

கர்ணன் முதலில் நம்பவில்லை. உள்ளே வந்து, திரைக்கு ஒரு முழம் தள்ளியே நின்று, குனிந்து பார்த்தார். எழுத்துகள் இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது எப்ப முடியும்?" என்றார் ஜாக்கெட் துணியைக் காட்டி.

"ராயப்பன்பட்டிக் கல்யாணம். நாளைக்கு விடிஞ்சதுலருந்து உக்காந்தாத்தேன் முடியும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்தார். "கோட்டைச்சாமி, நாளைக்கு நான் வரலப்பா... காச்சலெல்லாம் இல்ல... வெக்கமும் இல்ல. வீட்ல அவளுக்கு வேலை கெடக்கு. காலையில நாந்தேன் சோறாக்கணும்." அந்தப் பக்கம் கோட்டைச்சாமி சிரித்தது வெளியே கேட்டது. கர்ணன் சிரிக்கவில்லை. அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்று மகளிடம் கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

நாகஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. ரோஸ்லின் பெயரை ஆரம்பித்திருந்தாள். கண் நிறைந்து திரை மங்கிப் போனதால், 'ரோ'வுக்கு அடுத்து விழுந்தது 'ஸ்' தானா என்று அடுப்படிப் பக்கம் போன மகளைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.